சொட்டு மருந்தா, பூச்சாறா?

கேள்வி: அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய். சொட்டு மருந்து விட்டும் பார்வை தெளியவில்லை என்று, இப்போது நந்தியாவட்டைப் பூச்சாறு விடுகிறார். சரியா டாக்டர்?
– வாசகி, பாம்பன்

பதில்: சாற்றை இன்றே நிறுத்துங்கள், கருவிழியில் புண் வந்துவிடும். சொட்டு மருந்து பார்வையைத் தெளிய வைக்காதுதான். அழுத்தத்தால் கெட்டுப்போன பார்வை நரம்பு திரும்பாது. மிச்சத்தைக் காப்பதுதான் அதன் வேலை. தொண்டிக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். கையிலிருக்கும் வலையின் முடிச்சு தெரிகிறது, பக்கவாட்டில் வரும் நாட்டுப்படகு தெரியவில்லை! பொதுவாக 21 மி.மீ. பாதரச அளவைத் தாண்டாத கண் அழுத்தம் அவருக்கு 34. ஆறு மாதமாக மூலிகைதானாம். அப்பா நடக்கட்டும், தியானம் செய்யட்டும். சிரசாசனம் மட்டும் வேண்டாம், அழுத்தம் ஏறும். அப்புறம், மருந்து விட்டதும் கண்ணை மூடி, கண்ணின் மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளட்டும். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், டிமோலால் என்ற சொட்டு மருந்து ஆகாது.