கரண்ட் வைத்த கணக்கு: ரேடியேஷன் கோடிங் கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு ரேடியேஷன் ஆன்காலஜி கோடிங் பார்க்கிறேன். பத்து வருஷம் ஆகிறது. நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்வோமே, அந்தக் கதிர் சிகிச்சைதான். டாக்டர் நோட்டைப் படித்து, நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான நம்பர்களாக மாற்றுவதுதான் கோடிங். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பாலக்கோடு தம்பி: அக்கா, 77427 என்ற கோடு வாரத்துக்கு ஒன்று என்று போட்டேன். ஆடிட்டில் தப்பு என்கிறார்கள். ஏன்?

எல்லாரும் அதை ‘வீக்லி’ என்றே கூப்பிடுவதால் வரும் வினை இது. சிகிச்சை ஓடும்போது டாக்டர் நோயாளியைக் கவனித்துக்கொள்வதற்கான கோடு அது. அதற்குக் காலண்டர் வாரம் கணக்கே இல்லை. ஐந்து பிராக்‌ஷனுக்கு ஒன்று. நோயாளி ஒரு தடவை மெஷினில் படுத்துக் கதிர் வாங்கினால் ஒரு பிராக்‌ஷன்.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். மொத்தம் 25 பிராக்‌ஷன். நடுவில் தேங்ஸ்கிவிங் லீவு, அப்புறம் இரண்டு நாள் மெஷின் ரிப்பேர். சிகிச்சை ஆறாவது வாரத்துக்கு இழுத்துவிட்டது. நான் வாரத்தை எண்ணி ஆறு போட்டேன். சரியான விடை ஐந்து.

கடைசியில் மிஞ்சுவதில்தான் நிறைய பேர் சறுக்குவார்கள். 33 பிராக்‌ஷன் என்றால் ஆறு ஐந்து முப்பது, மிச்சம் மூன்று. மூன்றோ நான்கோ மிஞ்சினால் இன்னொன்று போடலாம், ஆக ஏழு. 32 என்றால் மிச்சம் இரண்டு, அதற்குத் தனியாகக் கிடையாது, ஆறோடு சரி. மார்பகத்துக்கு 16 பிராக்‌ஷன் கொடுத்தால் மூன்றுதான், அந்த ஒற்றை போனது போனதுதான். மொத்த சிகிச்சையே ஒன்று, இரண்டு பிராக்‌ஷன் என்றால் 77431.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று கொடுத்தால், நடுவில் தெளிவான இடைவெளி இருக்கும்வரை இரண்டாக எண்ணலாம். இன்னொன்று: இப்படிப் போடும் ஒவ்வொரு 77427-க்கும் டாக்டர் நோயாளியை ஒரு தடவையாவது பார்த்துப் பரிசோதித்த நோட் இருக்க வேண்டும். நோட் இல்லையென்றால் டாக்டருக்கே எழுதிக் கேளுங்கள், நீங்களாக யூகித்துப் போட்டுவிடாதீர்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: மார்பகத்தை எடுத்தாகிவிட்டது, இப்போது ரேடியேஷன் மட்டும். இசட் 51.0 முதலிலா, புற்றுநோய் கோடா? கட்டிதான் இல்லையே, இசட் 85.3 போடலாமா?

ரேடியேஷனுக்காக மட்டுமே வந்தால், ‘கதிர் சிகிச்சைக்காக வந்தவர்’ என்று சொல்லும் இசட் 51.0 முதலில், அடுத்து புற்றுநோய் கோடு. இடது மார்பு, மேல்பக்க வெளிக் கால்பகுதி, பெண் என்றால் சி 50.412.

கட்டியை வெட்டி எடுத்தாலும் அதே இடத்துக்குச் சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும்வரை அது ‘பழைய நோய்’ ஆகாது. ‘முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்தது’ என்று சொல்லும் இசட் 85.3 சிகிச்சை முழுக்க முடிந்த பிறகுதான். ஆனால் மார்பகச் சிகிச்சை எப்போதோ முடிந்து, இப்போது எலும்பில் பரவியதற்குக் கதிர் கொடுக்கிறார்கள் என்றால் கதை வேறு: இசட் 51.0, எலும்பில் பரவியதற்கு சி 79.51, அப்புறம் இசட் 85.3.

ஓசூரிலிருந்து: ஐஎம்ஆர்டி-க்கு (கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரின் அளவை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறை) 77386 போட்டால், இன்சூரன்ஸுக்கு அனுப்பிய கிளெய்ம் திரும்பி வருகிறதே?

எந்த வருஷத்துப் புத்தகம் வைத்திருக்கிறீர்கள்? 2026 ஜனவரியிலிருந்து 77385, 77386 இரண்டும் போய்விட்டன. கதிர் கொடுப்பதற்கு இனி 77402, 77407, 77412 என்று சிக்கலைப் பொறுத்து மூன்று படிகள். ஐஎம்ஆர்டியும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. பழைய ஷீட்டை மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தால் இன்றே கிழித்துவிடுங்கள்.

அவரே: ஐஎம்ஆர்டி திட்டம் போடுவதற்கான 77301 பிளானோடு, சிகிச்சைக்கு முன் நோயாளியைப் படுக்க வைத்து ஒத்திகை பார்க்கும் 77290 சிமுலேஷனும் போடலாமா?

கூடாது. அந்தப் பிளானுக்காகச் செய்த சிமுலேஷன் 77301-க்குள் அடக்கம். வேறு தேதியில் செய்திருந்தாலும் அப்படித்தான்.

தர்மபுரியிலிருந்து ஒருவர்: அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் கரண்ட் வைக்கிறார்கள். பில்லில் இந்த நம்பர்கள் வருமா?

வராது அண்ணா. இவை அமெரிக்கக் கோடுகள். நம் திட்டத்தில் சிகிச்சைக்கு மொத்தமாக ஒரு பேக்கேஜ், அதற்கு முன்அனுமதி. பணம் ஆஸ்பத்திரிக்கே போய்விடும்.

நம்பரை விடுங்கள், ஒரு காகிதத்தை மட்டும் பத்திரமாக வையுங்கள். எந்த இடத்தில், எத்தனை கிரே (கதிரின் அளவு), எத்தனை பிராக்‌ஷன், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கம். பின்னால் அதே இடத்தில் மறுபடி கதிர் தேவைப்பட்டால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அமெரிக்க ஃபைலிலும் நான் முதலில் தேடுவது அதுதான். அம்மா நல்லபடியாக வருவார்கள்.

அரூர் தங்கை: விலங்கியல் முடித்திருக்கிறேன். நேராக ரேடியேஷன் கோடிங்கில் சேரலாமா?

கஷ்டம். முதலில் பொதுவான கோடிங்கில் ஒரு வருஷமாவது கை பழகட்டும். கோடர்களுக்கான சான்றிதழ் தேர்வான சிபிசி-யில் 100 கேள்வி, 4 மணி நேரம், கோடு புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். புத்தகத்தைத் திறக்க விடுகிறார்களே என்று ஏமாந்துவிடாதே, ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிஷம்கூடக் கிடையாது. உடற்கூறு உனக்கு ஏற்கெனவே தெரியும், பாதி கிணறு தாண்டியாகிவிட்டது.