பாப்பாவின் ஊசிக்குப் பிறகுதான் தம்பியின் தவணை

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் டைப் 1 சர்க்கரை என்று தெரிந்தது. தினமும் நான்கு ஊசி. மதிய ஊசி போடப் பள்ளியில் ஆள் இல்லாததால், மாதம் 14,000 வாங்கிக்கொண்டிருந்த டீச்சர் வேலையை என் மனைவி விட்டுவிட்டார். எனக்குக் கைக்கு வரும் சம்பளம் 62,000. வாடகை 11,000, வீட்டுச் செலவு 17,000, பள்ளிக்கு 4,000, ஊரில் அப்பா அம்மாவுக்கு 5,000. தம்பி விசைத்தறி போடுவதற்காக என் பெயரில் 5 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தேன். இஎம்ஐ 13,900. முதல் ஆறு மாதம் அவன் கட்டினான். அதன்பின் 14 மாதமாக நான் கட்டுகிறேன். மருந்து எல்லாம் கிரெடிட் கார்டில்தான். அதில் 1,46,000 பாக்கி. மாதாமாதம் மினிமம் ட்யூ (கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) 7,300 கட்டிவிடுகிறேன். மாதக் கடைசியில் சர்க்கரை அளவு பார்க்கும் ஸ்ட்ரிப் பற்றாமல் போய்விடுமே என்று ராத்திரி இரண்டு மணி டெஸ்டை மட்டும் விட்டுவிடுகிறோம். பெண் பிள்ளை என்பதால் சொந்தத்தில் யாரிடமும் சொல்லவில்லை, தம்பிக்கும் தெரியாது. நகையை அடகு வைத்து 4 லட்சத்துக்கு, ஊசிக்குப் பதில் தானே இன்சுலின் செலுத்தும் பம்ப் வாங்கலாமா? குழந்தையின் எதிர்காலத்துக்கென்று ஏஜென்ட் சொல்லும் யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் கலந்த பாலிசி) வருடம் 60,000 போடலாமா? டேர்ம் பாலிசியும் கம்பெனி மருத்துவக் காப்பீடும் இருக்கின்றன. — வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் பம்ப் பற்றிய கேள்வியைவிட, ராத்திரி டெஸ்டை விடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை உட்கார வைத்தது. தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் குழந்தைக்கு விழிப்பே வராமல் போகலாம் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் விடுகிறீர்கள் என்றால், அந்த ஒரு ஸ்ட்ரிப்புக்கான இருபது ரூபாய் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

பாப்பாவின் மருந்தை நீங்கள் இன்னும் அவசரச் செலவு என்றே நினைக்கிறீர்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இது வாடகையைப் போன்றது. தேதி தெரியும், தொகையும் ஏறத்தாழ தெரியும். எந்த மாதமும் தள்ளிப்போட முடியாது. வாடகையை யாராவது கார்டில் தேய்த்துவிட்டு மினிமம் ட்யூ கட்டுவார்களா? ஆனால் மருந்துக்கு அதைத்தான் செய்கிறீர்கள். எல்லோருக்கும் கொடுத்து முடித்து, கடைசியில் மிஞ்சுவதைக் கொண்டு பிள்ளைக்கு ஊசி வாங்குகிறீர்கள்.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். வாடகை, வீடு, பள்ளி, பெற்றோர் சேர்ந்து 37,000. தம்பி லோன் 13,900. கார்டுக்கு 7,300. ஆக 58,200. மிச்சம் 3,800. மருந்துக்கு ஆவதோ, நீங்கள் பில் அனுப்பாவிட்டாலும், இந்த வயதுக்கு இப்படித்தான் வரும்: இன்சுலின் 3,000க்குள், ஒரு நாளைக்கு ஐந்து ஸ்ட்ரிப் என்றால் 150 ஸ்ட்ரிப்புக்கு 3,000, நீடில், விரலில் குத்தும் லான்செட் 600, டாக்டர் ஃபீஸும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும், சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்டும் மாதக் கணக்கில் 700. காய்ச்சல் வந்தால் டெஸ்ட் கூடும், இன்சுலின் பேனா கீழே விழுந்து உள்ளே இருக்கும் மருந்துக் குப்பி உடையும். 8,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டுக்கு நீங்கள் கட்டும் 7,300 எங்கே போகிறது? மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 1,46,000க்கு 5,110. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 920. ஆக 6,030 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 1,270தான். இன்னொன்றும் உண்டு. முழுப் பாக்கியைக் கட்டாதவருக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இந்த மாதம் மருந்துக்கடையில் தேய்க்கும் பணத்துக்குத் தேய்த்த அன்றிலிருந்தே வட்டி. அதாவது, பாப்பாவின் இன்சுலினை வருடத்துக்கு 42 சதவீத வட்டிக் கடனில் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி தவணை கட்டியிருந்தால் இந்தக் கார்டுப் பாக்கியே வந்திருக்காது. 14 மாதத்தில் நீங்கள் அவருக்காகக் கட்டியது 1,94,600. கார்டுப் பாக்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நகையை வையுங்கள், பம்புக்காக அல்ல. வங்கியில் பத்து சதவீத அளவில் நகைக்கடன் எடுத்துக் கார்டை ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். மாத வட்டி 6,000இலிருந்து 1,200க்கு இறங்கும். அடகுக்கடை வேண்டாம், போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப் வேண்டவே வேண்டாம்.

சம்பளம் வரும் நாளில் 8,000 ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மனைவி பெயரில், அவர் கையில் ஏடிஎம் கார்டோடு. ஊசி போடுபவர் அவர், எது தீரப்போகிறது என்று தெரிந்தவரும் அவர்தான். ஒரு ஸ்ட்ரிப் டப்பாவுக்கு உங்களிடம் கேட்டு நிற்கும் நிலை அவருக்கு வரக்கூடாது.

இப்போது தம்பி. இன்னும் 28 தவணை பாக்கி இருக்கும். 15 சதவீத வட்டி என்றால் அசல் சுமார் 3,27,000. இதை நீங்கள் தனியாகத் தூக்க முடியாது. 62,000இல் மருந்துக்கு 8,000, மற்றவற்றுக்கு 37,000 போனால் 17,000 இருக்கும். முழு இஎம்ஐயும் நீங்களே கட்டினால் மிஞ்சும் 3,100இல் நகை திரும்பி வர வருடங்கள் ஆகும். அவர் மாதம் 7,000 கொடுத்தால், மாதம் பத்தாயிரம் வீதம் பதினாறு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். தறி ஓடுகிறது என்றால் 7,000 கேட்பது தவறே இல்லை. ஓடவில்லை என்றால் ஒரு தறியை விற்கட்டும். பெயர் உங்களுடையது; ஒரு தவணை தவறினால் சிபில் ஸ்கோரில் (கடன் மதிப்பெண்) அடி வாங்குவது நீங்கள்.

ஆனால் உங்களால் கேட்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. தம்பிக்கு விஷயமே தெரியாது. அவர் கண்ணுக்கு நீங்கள் 62,000 சம்பளம் வாங்கும், ஒரே குழந்தை உள்ள, வசதியான அண்ணன். அதனால் அவர் கொடுக்கவில்லை; இன்னும் கொஞ்சம் கேட்டாலும் ஆச்சரியமில்லை. இந்த நோயை மறைக்க நீங்கள் மாதம் 13,900 கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்தப் பாவமும் செய்யாத ஒன்பது வயதுப் பிள்ளை தன் வீட்டுக் கல்யாணத்திலேயே பாத்ரூமில் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்டு வளர வேண்டுமா? ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். தம்பியையும் அவர் மனைவியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு முன் டெஸ்ட் பண்ணி ஊசி போடுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அதன்பிறகு லோன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள். சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தால், அவசரத்துக்கு ஒரு ராத்திரி பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கும்.

பம்ப் நல்ல கருவிதான், அது தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் விற்பவர் 4 லட்சம் என்ற விலையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மாதாமாதம் இன்ஃபியூஷன் செட் (உடலில் பொருத்தும் குழாய்), ரிசர்வாயர் (இன்சுலின் நிரப்பும் குப்பி) வாங்க வேண்டும். ஸ்ட்ரிப்புக்கே திண்டாடும் பட்ஜெட்டில் அது அலமாரிக்குத்தான் போகும். உடலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சாரும் அப்படித்தான். ஒன்று 14 நாள் வரும், மாதம் இரண்டு என்றால் பத்தாயிரத்தைத் தொடும். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒன்று போட்டு, அந்த இரண்டு வாரப் பதிவைக் காட்டினால் போதுமா என்று அவரிடமே கேளுங்கள். விலை குறைந்த இன்சுலின் ஒத்துவருமா என்பதையும் அவரிடம்தான் கேட்க வேண்டும். நீங்களாக மாற்ற வேண்டாம். மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கு, மில்லிக்கு 100 யூனிட் கணக்கில் கோடு போட்ட சிரிஞ்சை எடுத்துவிட்டால் அளவே தப்பிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலும் ஒருமுறை பதிந்துவையுங்கள். அங்கே இன்சுலின் இலவசம். வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

யூலிப் வேண்டாம். வருடம் 60,000 என்றால் மாதம் 5,000. எதிர்காலத்துக்கு என்று அதைக் கட்டிவிட்டு இன்று ராத்திரி டெஸ்டை விடுவதா? ஐந்து வருடம் கையை வைக்க முடியாத பணம் இப்போது உங்களுக்கு ஆகாது. ‘சர்க்கரையை வேரோடு அறுக்கும் 90 நாள் பேக்கேஜ்’ என்று யாராவது வந்தால் போனை வைத்துவிடுங்கள். டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே ஐசியூதான்.

வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சிகிச்சைச் செலவுக்கு வருமான வரியில் கழிவு தரும் நோய்ப் பட்டியலில் சர்க்கரை இல்லை. கம்பெனி காப்பீடு வேலை போனால் கூடவே போய்விடும். குழந்தையைச் சேர்த்து ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டருக்கு (குடும்பம் முழுவதற்கும் சேர்ந்த ஒரே மருத்துவக் காப்பீடு), நோயை மறைக்காமல் எழுதி, இப்போதே விண்ணப்பித்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் மறுக்கும். ஏற்றுக்கொண்டால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு மூன்று வருடத்துக்கு மேல் போக முடியாது.

மனைவியின் 14,000ஐ மறந்துவிட வேண்டாம், உங்கள் வீட்டின் பெரிய இழப்பு அதுதான். 2023இல் தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், டைப் 1 குழந்தைகளைப் பள்ளியில் டெஸ்ட் செய்யவும் ஊசி போடவும் அனுமதிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. டாக்டர் கடிதத்தோடு போய் ஹெட்மாஸ்டரைப் பாருங்கள். அதே பள்ளியில் டீச்சர் வேலை இருக்கிறதா என்றும் கேளுங்கள். கிடைத்தால் மதிய ஊசிக்கு அம்மா அங்கேயே இருப்பார்.

கார்டை அடைத்ததும் வங்கிக்கு எழுதி அந்தக் கணக்கையே மூடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மூடியதற்கான மெயில் வந்த பிறகு மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், இனி மனைவியின் கணக்கிலிருந்துதான் பணம் வரும் என்று.