கிரீன் கார்டு புதுப்பிப்பு நிலுவையில் இருக்கும்போது கப்பல் சுற்றுலா போகலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து மயாமிக்கு மகள் வீட்டோடு போய்விட்ட அம்மாவின் பத்தாண்டு கிரீன் கார்டு காலாவதியாகிவிட்டது, அதைப் புதுப்பிக்கக் கொடுத்த ஐ-90 விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, பஹாமாஸ் கப்பலில் அழைத்துப் போகலாமா என்று கேட்கிறீர்கள். போகலாம். அமெரிக்கா 2024 செப்டம்பரிலிருந்து அனுப்பும் ஐ-90 ரசீதுக் கடிதம், அட்டையில் அச்சிட்ட கடைசித் தேதியிலிருந்து 36 மாதம் செல்லுபடியை நீட்டிக்கிறது. ஆனால் அட்டையும் கடிதமும் கையில் சேர்ந்திருக்க வேண்டும். அட்டை பாளையங்கோட்டை பீரோவில் துணிக்கடியில் கிடந்தால் கடிதம் மட்டும் உதவாது, வரவழையுங்கள். தொலைந்தே போயிருந்தால், குடியேற்ற அலுவலகத்தில் பாஸ்போர்ட்டில் தற்காலிக முத்திரை வாங்க வேண்டும்.

என் கவலையெல்லாம் கப்பல் நிறுவனத்தைப் பற்றித்தான். துறைமுக மேசையில் இருப்பவர் காலாவதித் தேதியைப் பார்த்துத் தயங்குவார். முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் விசா விதியைத் தனியே பாருங்கள். புதுப்பிப்புக்காகக் குடியேற்ற அலுவலகம் கைரேகைக்கு அழைத்த நாளில் மட்டும் கடலில் இருக்காதீர்கள்.