பிரேக் பிடிக்கத் தெரிந்த ரிசீவர்: டிராஃப்ட் கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்க நெருங்க, வைட் ரிசீவர்களைப் பற்றித்தான், அதாவது ஓடிப்போய் பாஸைப் பிடிப்பவர்களைப் பற்றித்தான், நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கி, எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

40 யார்டை 4.3 நொடிக்குள் ஓடுகிற பையனை முதல் சுற்றிலேயே எடுத்துவிடலாம்தானே?

அந்த நேரத்தை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது. இண்டியானாபொலிஸ் கம்பைனில், அதாவது டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனையில், அந்த 40 யார்டை நேர்கோட்டில், எதிரே ஆளில்லாமல், ஹெல்மெட்டும் பேடும் இல்லாமல் ஓடுகிறார்கள். 2017-இல் ஜான் ராஸ் 4.22 ஓடி அதுவரை இருந்த சாதனையை உடைத்தார், சின்சினாட்டி அவரை 9-ஆவதாக எடுத்தது, முதல் சீசனில் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. காயங்கள் அவரைப் படுத்தி எடுத்ததும் உண்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதே டிராஃப்டில் 4.62 ஓடிய கூப்பர் கப் 69-ஆவதாகத்தான் போனார். 2021 சீசனில் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன் (பந்தோடு எதிரணிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்), மூன்றிலும் லீக்கிலேயே அவர்தான் முதல், அப்புறம் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலிலும் ஆட்டநாயகன். வேகம் இருந்தால் நல்லது, எதிரணி பயந்து பின்வாங்கும். ஆனால் அந்தப் பயத்தைப் பயன்படுத்த ரிசீவருக்கு வேறொன்று தெரிந்திருக்க வேண்டும், அதுதான் அடுத்த கேள்வி.

ஆட்ட வீடியோவில் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

நிற்பதைப் பாருங்கள். எல்லோரும் ரிசீவர் ஓடுவதைப் பார்க்கிறார்கள், நான் அவர் எப்படி நிற்கிறார் என்று பார்ப்பேன். கர்ல் ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (ரூட் என்றால் ரிசீவர் ஓட வேண்டிய பாதை), 12 யார்டு முழு வேகத்தில் போய் சட்டென்று நின்று பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். தேர்ச்சி இல்லாதவர் 9-ஆவது, 10-ஆவது யார்டிலேயே நிமிர்ந்துவிடுவார், கைவீச்சு தளரும், குட்டிக் குட்டியாக நாலைந்து அடி வைத்துத்தான் நிற்க முடியும், அதற்குள் அவரை மறிக்க வரும் எதிரணிக் கார்னர்பேக்கும் நின்றுவிடுவார். தேர்ந்தவருக்கு நெஞ்சு கடைசி வரை முன்சாய்ந்தே இருக்கும், கை அதே வேகத்தில் வீசிக்கொண்டே இருக்கும், ஆழமாகத்தான் ஓடப்போகிறார் என்று கார்னர்பேக் நம்பி இடுப்பைத் திருப்பிய அந்தக் கணத்தில் இவருடைய இடுப்பு இறங்கும், இரண்டு மூன்று அடியில் நின்றுவிடுவார். கார்னர்பேக் இன்னும் இரண்டு யார்டு வழுக்கிக்கொண்டு போவார். பந்து வந்து விழுவது அந்த இரண்டு யார்டில்தான்.

இதைப் பழக, அந்த ரிசீவர் பக்கம் பந்தே வராத ஆட்டத் துண்டுகளாகத் தேடிப் பாருங்கள். ஒளிபரப்புக் கேமரா பந்தின் பின்னால் போய்விடும் என்பதால் ரீப்ளேயும் மைதானத்தின் கோடியிலிருந்து எடுக்கும் எண்ட் ஸோன் கோணமும் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று, பிரஸ். ஸ்னாப் ஆன, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த மறுகணமே முகத்துக்கு நேரே நிற்கும் கார்னர்பேக் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவார். என்எஃப்எல்லில் முதல் 5 யார்டுக்குள் இப்படித் தடுக்கலாம், அதைத் தாண்டினால் தவறு, ஆகவே சண்டை முழுவதும் அந்த 5 யார்டில். கல்லூரியில் பல அணிகள் தள்ளி நின்றே ஆடுவதால் ஒரு ரிசீவர் சீசன் முழுக்க நல்ல பிரஸ்ஸைச் சந்தித்திருப்பதே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதுதான் உண்மையான வேலை.

ஸ்லாட்டில் ஆடியவர் என்றால் மதிப்பைக் குறைக்க வேண்டுமா?

ஸ்லாட் என்றால் கோட்டோர ரிசீவருக்கு உள்பக்கமாக நிற்கும் இடம். 2020 டிராஃப்டைப் பாருங்கள். ஜஸ்டின் ஜெஃபர்சன் 2019-இல் எல்எஸ்யு கல்லூரி அணிக்கு 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன். ஆனால் பெரும்பாலும் ஸ்லாட்டில் நின்று எடுத்தது, வெளிப்பக்கம் தாங்குவாரா என்று பலருக்குச் சந்தேகம். 21-ஆவது இடத்தில் பிலடெல்பியா ஜேலன் ரேகரை எடுத்தது, அடுத்த இடத்திலேயே மினசோட்டா ஜெஃபர்சனை எடுத்தது, முதல் சீசனிலேயே 1,400 யார்டு. அந்த 2019-க்கு முந்தைய கல்லூரி சீசனில் அவர் வெளிப்பக்கம்தான் அதிகம் ஆடியிருந்தார், அந்த வீடியோ எல்லோர் கையிலும் இருந்தது! ஸ்லாட்டில் இடம் தாராளம், பிரஸ் குறைவு, அது உண்மை. அந்த இடமே அவரை விடுவித்ததா, அவர் காலே விடுவித்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

1,300 யார்டு, 1,400 யார்டு என்று கல்லூரிக் கணக்கு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே?

மொத்தத்தை விடப் பங்கு முக்கியம். தன் அணி எடுத்த பாஸிங் யார்டில் இவருடையது எவ்வளவு, எந்த வயதில் அந்த அளவை எட்டினார் என்று பாருங்கள். 19 வயதில் அணியின் முதல் ரிசீவராக இருப்பதும் 23 வயதில் இருப்பதும் ஒன்றல்ல.

மைதானத்தையும் மறக்காதீர்கள். அகலம் கல்லூரி, என்எஃப்எல் இரண்டிலும் 160 அடிதான், ஆனால் பந்தை வைத்து ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு எல்லையான இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் மறுபக்கம் 100 அடி வெற்றிடம், என்எஃப்எல்லில் 90 அடிகூட வராது. அந்த அகலப் பக்கத்தில் தனியாக நின்று குவித்த யார்டை அப்படியே நம்பிவிட முடியாது.

ஒல்லியானவர்கள் அடி தாங்குவார்களா?

டெவான்டா ஸ்மித் சுமார் 166 பவுண்டுதான், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான 2020-இன் ஹைஸ்மன் விருது அவருக்கு, அடுத்த ஆண்டு பிலடெல்பியா 10-ஆவதாக எடுத்தது, இன்றும் நன்றாகத்தான் ஆடுகிறார். பிரஸ்ஸில் மாட்டாத கால் இருந்தால் எடை இரண்டாம் பட்சம்.

பந்தைத் தவறவிடுவதை எவ்வளவு பெரிதாக எடுப்பது?

எப்படித் தவறவிட்டார் என்பதைப் பொறுத்தது. பந்து வரும் முன்பே ஓடப்போகும் பக்கம் கண் போனால் அது கவனக்குறைவு, சரிசெய்யலாம். ஒவ்வொரு பந்தையும் உள்ளங்கையில் வாங்காமல் நெஞ்சோடு அணைத்தே பிடிக்கிறார் என்றால் நான் கவலைப்படுவேன், நெருக்கத்தில் அது நடக்காது. கோட்டோரப் பந்துகளில் இன்னொரு விஷயம், கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும், என்எஃப்எல்லில் இரண்டும் பட வேண்டும். கல்லூரியிலேயே இரண்டாவது காலை இழுத்து வைக்கிற பையனைப் பார்த்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லவர்கள் ஏன் 4-ஆம், 5-ஆம் சுற்று வரை நழுவுகிறார்கள்?

பூக்கா நகுவாவைக் கல்லூரியில் காயங்கள் துரத்தின, 2023-இல் 177-ஆவதாகப் போனார், முதல் சீசனில் 105 கேட்ச், 1,486 யார்டு, இரண்டுமே அன்றைக்குப் புதுமுகச் சாதனை. 2021-இல் 112-ஆவதாகப் போன அமன்-ரா செயின்ட் பிரவுன், தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் வரிசையாகச் சொல்வார். இவர்கள் யாரும் கம்பைனில் கண்ணைப் பறிக்கிற ரகம் இல்லை, ரூட் ஓடுவதையும் இடம் கண்டுபிடிப்பதையும் கடிகாரம் அளக்காது.

நீங்கள் தவறாகக் கணித்த ரிசீவர் யார்?

நிக்கீல் ஹாரி, 2019. அரிசோனா ஸ்டேட்டில் ஆள் மேலே விழும்போதும் எம்பி, ஒற்றைக் கையால்கூடப் பிடித்தார், நான் மயங்கிவிட்டேன். நியூ இங்கிலாந்து 32-ஆவதாக எடுத்தது, மூன்று சீசனில் 600 யார்டைக்கூடத் தொடவில்லை. அவருக்குப் பின்னால் போனவர்கள் டீபோ சாமுவேல் 36, ஏ.ஜே. பிரவுன் 51, டிகே மெட்காஃப் 64, டெர்ரி மெக்லாரின் 76. பிறகு அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், பிடித்த பந்துகளில் பெரும்பாலானவற்றில் கார்னர்பேக்கின் கை அவர் இடுப்பிலேயே இருந்தது. எம்பிப் பிடிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று நான் கேட்கவே இல்லை. இப்போது ஒவ்வொரு ரிசீவருக்கும் பந்து கைக்கு வரும் கணத்தில் படத்தை நிறுத்தி, பக்கத்து ஆளுக்கும் அவருக்கும் எத்தனை யார்டு என்று நோட்டில் எழுதுகிறேன், கேட்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த எண் எழுதிய பிறகுதான் மிச்சத்தைப் பார்ப்பேன்.