அந்த நோட்டை முதலில் திறந்து பாருங்கள்

போன வாரம் கரூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா வீட்டிலேயே தையல் வேலை எடுத்துச் செய்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியலும் கணக்கும் சேர்ந்த குரூப். வார இறுதி நீட் கோச்சிங்கில் வைக்கிற மாதிரித் தேர்வில் 720க்கு 250ஐத் தாண்டவில்லையாம். அதனால் இந்த வருடம் போனால் போகட்டும், அடுத்த வருடம் நாமக்கல் பக்கம் தங்கிப் படிக்கிற ரிப்பீட்டர் பேட்சில் சேர்த்துவிடலாம் என்று அம்மாவின் அண்ணன் சொல்லிவிட்டார். கேட்கிற பணம் 1,85,000. நகையை அடகு வைக்கப் பேசியாகிவிட்டது. எந்த சென்டர் நல்ல சென்டர் என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார்கள்.

"படிக்கச் சொன்னா நோட்டு எழுதிட்டு உக்காந்திருக்குதுங்க" என்றார் அப்பா. "இதோட நோட்டு மட்டுமில்லீங்க, தம்பிக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, எல்லாருக்கும் எழுதுது. பாதி நாள் அதுலயே போயிருது."

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கமாகச் சொல்கிற ஆறுதலைத்தான் சொன்னேன். இன்னும் நேரம் இருக்கிறது, பொதுத்தேர்வு முடியட்டும், பதற வேண்டாம் என்று. அப்புறம் அந்த நோட்டுகளைக் கேட்டேன். பையில் நான்கு இருந்தன. அதைப் பார்த்த பிறகு ஆறுதல் சொல்வது சரியில்லை என்று தோன்றியது.

தம்பிக்கு எழுதிய பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டில் ஒளியியல் பாடம். ஒரு பக்கத்தின் நடுவில் கட்டம் போட்டு, "லென்ஸ் சமன்பாட்டில் நடுவில் கழித்தல். ஆடிச் சமன்பாட்டில் கூட்டல். நீ ரெண்டையும் மாத்திப் போடுவே. கணக்கை ஆரம்பிக்கும் முன்னாடி கேள்வியில் லென்ஸா ஆடியான்னு வட்டம் போடு" என்று எழுதியிருக்கிறாள். கீழே ஒரே எண்களை வைத்து இரண்டு கணக்கு, ஒன்று லென்ஸுக்கு, ஒன்று ஆடிக்கு, விடை எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில். தமிழ் நோட்டில் வினைத்தொகைக்கு எல்லாரும் எழுதுகிற ஊறுகாயேதான், ஆனால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்தையும் பிரித்துக் காட்டிவிட்டு, "இப்படி மூணு காலத்துக்கும் விரிக்க முடியலைன்னா அது வினைத்தொகை இல்லை" என்று ஒரு வரி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதிய சமூக அறிவியலில் 1793 வங்காளத்து நிலையான நிலவரித் திட்டத்தையும் 1820இல் மன்றோ சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்த ரயத்துவாரியையும் "வரி கேட்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க?" என்ற ஒரே கேள்வியில் பிரித்துவிட்டாள். முதலாவதில் ஜமீன்தார் வீட்டுக் கதவு, இரண்டாவதில் விவசாயி வீட்டுக் கதவு. இருபத்தைந்து வருடமாக ஆசிரியர்களோடு பழகுகிறேன், இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"இந்த லென்ஸ் பக்கத்தை எப்படி யோசிச்சும்மா எழுதினே?" என்று கேட்டேன். "அவன் எங்க தப்பு பண்ணுவான்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள். அதுவரை அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அவள் சொன்ன அந்த ஒரு வரிக்குக் கல்வித்துறையில் ஒரு பெயரே இருக்கிறது. பாடம் தெரிந்திருப்பது வேறு, கற்பிக்கும் பொது உத்திகள் தெரிந்திருப்பது வேறு, இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் பிள்ளை தடுக்கி விழும் என்று தெரிந்திருப்பது மூன்றாவதாக ஒரு தனி அறிவு என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். உலகம் முழுவதும் ஆசிரியர் பயிற்சியில் இன்றைக்கும் அதைத்தான் வளர்க்கப் பாடுபடுகிறார்கள். அது இந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயதில் இருக்கிறது. நாம் அதை 'நேரத்தை வீணாக்குறா' என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு நாலு கலர் பேனாவில் தலைப்புக்குப் பூப்போடுகிற பிள்ளையையெல்லாம் ஆசிரியராக்கக் கிளம்பிவிடக் கூடாது. அழகான நோட்டு வேறு, நல்ல நோட்டு வேறு. வகுப்புக்கு வராத ஒரு பிள்ளையிடம் அந்த நோட்டைக் கொடுங்கள், அரை மணி நேரம் கழித்து வாங்கி வைத்துக்கொண்டு நாலு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் எழுதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறது. வரவில்லை என்றால் எழுதியவருக்கு எழுதப் பிடிக்கிறது, அவ்வளவுதான், அதிலும் தப்பில்லை. புத்தகத்தை அப்படியே சுருக்கி எழுதியதா, தப்பு நடக்கிற இடத்தைக் குறித்து எழுதியதா என்பதையும் பாருங்கள். இந்தப் பெண் இடதுபக்கம் நாலு விரல் அகலம் விட்டு, அதில் கேள்வியை மட்டும் எழுதி, வலதுபக்கத்தை மூடிவிட்டுப் பதில் சொல்லிப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறாள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950களில் சொல்லிக்கொடுத்த முறை ஏறக்குறைய இதுதான். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சரி, அப்படியானால் நீட்டில் ஏன் 250? 180 நிமிடத்தில் 180 கேள்வி. யோசிக்காமல் கை போக வேண்டும். இவளோ ஒவ்வொரு கேள்வியிலும் தப்பான மூன்று விடைகளும் ஏன் தப்பு என்று மனசுக்குள் விளக்கிக்கொண்டே போகிறாள். ஒரு வருடம் அடைத்து வைத்துப் பழக்கினால் மதிப்பெண் ஏறும், நான் மறுக்கவில்லை. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி இடத்துக்கு எவ்வளவு ஏற வேண்டும் என்று பாருங்கள். அவள் படிப்பது அரசு உதவிபெறும் பள்ளி, ஆகவே அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அவளுக்குக் கிடையாது. மாமாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை. இதற்கெல்லாம் மேலே, டாக்டர் ஆகணுமா என்று நான் நேராகக் கேட்டபோது, "பயாலஜி பிடிக்கும் சார். டாக்டர் ஆகணும்னு நான் எப்பவும் சொன்னதில்லை" என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பாவிடம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: அந்த நகையை வைக்காதீர்கள். பிள்ளை கேட்காத படிப்புக்கு, பிள்ளையின் அம்மா நகையை வைத்து, உறவுக்காரர் வாக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை. 1,85,000 என்பது உங்கள் வீட்டில் எத்தனை மாதச் சம்பளம் என்று உங்களுக்குத்தான் தெரியும், போன் போட்டுச் சொல்கிறவருக்குத் தெரியாது.

இன்ஜினியரிங், நர்சிங், பாராமெடிக்கல் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதிகம் பேர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேராகச் சேரக்கூடிய நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு இருக்கிறது, ஐ.டி.இ.பி. என்பார்கள். பி.எஸ்சி. பி.எட்., பி.ஏ. பி.எட்., பி.காம். பி.எட். என்று பிரிவுகள். தனியாக மூன்று வருட டிகிரி, அதன்பின் இரண்டு வருட பி.எட். என்று ஐந்து வருடம் ஆவது இதில் நான்கில் முடிகிறது. 2023-24இல் நாடு முழுக்க 57 நிறுவனங்களில் முதலில் தொடங்கினார்கள். சேர்வதற்கு என்.சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு, தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது, தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். இரண்டு மொழிப் பகுதி, நாமே தேர்ந்தெடுக்கும் மூன்று பாடம், பொது அறிவு, கற்பிக்கும் திறன் என்று கலந்து வரும். இதற்கும் வேகம் வேண்டும்தான், ஆனால் அவள் இப்போது பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பாடத்திலிருந்தே பெரும்பகுதியைத் தேற்றிவிடலாம், தனியாக ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை. 2025இல் தேர்வு ஏப்ரல் கடைசியில் நடந்தது. அதாவது விண்ணப்பம் பொதுத்தேர்வுப் பரபரப்புக்கு நடுவிலேயே வந்து போய்விடும். ரிசல்ட் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் எத்தனையோ பேர் ஜூன் மாதம் என் முன்னால் உட்கார்ந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

எங்கே சேர்வது? நான் முதலில் சொல்வது மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம், ஆர்.ஐ.இ. இது என்.சி.இ.ஆர்.டி. என்ற மத்திய அரசுக் கல்வி அமைப்பின் கீழ் 1963 முதல் இயங்குகிறது, தென்மாநிலங்களுக்கானது. மானசகங்கோத்ரியில் வளாகம். அங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. காலையில் வகுப்பில் இயற்பியல் படித்துவிட்டு, அதே வளாகத்தில் நிஜப் பிள்ளைகள் முன்னால் நின்று அதை நடத்திப் பார்க்கலாம், எங்கே முகம் சுருங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். தம்பியையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் வைத்து இவள் வீட்டில் செய்துகொண்டிருப்பதை அங்கே ஒரு படிப்பாகவே செய்யலாம். மைசூரு தூரம் என்று அம்மா பயந்தார். மைசூரிலிருந்து மயிலாடுதுறை பக்கம் வருகிற இரவு ரயில் கரூரில் நின்றுதான் போகிறது என்றதும் கொஞ்சம் முகம் தெளிந்தது. இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, திருச்சி என்.ஐ.டி.யிலும் பி.எஸ்சி. பி.எட். தொடங்கியிருக்கிறார்கள். மைசூரு, திருவாரூர் மாதிரி இடங்களில் படிப்புக் கட்டணம் குறைவு, செலவில் பெரும்பகுதி விடுதிக்கும் சாப்பாட்டுக்கும்தான். தனியார் கல்லூரி எதிலாவது சேர்வதென்றால் அந்தப் படிப்புக்கு என்.சி.டி.இ., அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்தக் குழுமத்தின் தளத்தில் நீங்களே பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், கல்லூரி ஆபீசில் காட்டுகிற காகிதத்தை நம்பாதீர்கள்.

"வாத்தியார் வேலைக்கா இவ்வளவு?" என்று மாமா போனில் கேட்டார். ஸ்பீக்கரில்தான் இருந்தது. கேந்திரிய வித்யாலயாவில் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900, முதுகலை ஆசிரியருக்கு 47,600, படிகள் தனி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400இல் தொடங்குகிறது. ஆனால் இதை மட்டும் சொல்லி அனுப்பினால் நான் ஏமாற்றுக்காரன். அரசுப் பணியிடம் வருடா வருடம் வராது. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, மத்தியப் பள்ளிகளுக்கு சி-டெட், மாநிலத்துக்கு மாநில டெட், பாஸ் செய்ய வேண்டும், அதற்குமேல் போட்டித் தேர்வு. இடைப்பட்ட காலத்தில் தனியார் பள்ளியில் வேலை பார்த்தால் சம்பளம் இதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் மூன்றாம் வருடத்திலிருந்தே டெட்டுக்குப் படிக்க வேண்டும், மேஜர் பாடத்தைப் பள்ளியில் இருக்கிற பாடமாகவே எடுக்க வேண்டும், பிறகு தபாலிலோ நேரிலோ எம்.எஸ்சி. முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வுக்கும் தகுதியாகிக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். 2018 முதல் வந்த நம் மாநிலத்துப் புதிய பாடநூல்களை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார், எழுதிய குழுவில் எத்தனை பள்ளி ஆசிரியர்கள் பெயர் இருக்கிறது என்று. தம்பிக்கு நீ எழுதுகிற நோட்டை அவர்கள் மாநிலத்துக்கே எழுதினார்கள். அவள் அதை எண்ணிப் பார்க்கிறேன் என்றாள்.

என்.சி.இ.டி.யில் இடம் கிடைக்கவில்லை என்றால்? பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலோ விலங்கியலோ, அப்புறம் பி.எட். ஒரு வருடம் கூடுதல், அவ்வளவுதான். நீட்டையும் இந்த ஒரு முறை எழுதட்டும், விண்ணப்பித்தாகிவிட்டது. இரண்டாவது முறைக்கு யாரும் வற்புறுத்தக் கூடாது.

போகும்போது அப்பா தமிழ் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றே ஒரு பக்கம் படித்தார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அம்மா கூப்பிட்ட பிறகும் பக்கத்தைத் திருப்பினார். சாயங்காலம் அவரிடமிருந்து போன்: என்.சி.இ.டி.க்கு மகளின் சாதிச் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் வாங்க வேண்டுமா, மாநிலப் படிவம் போதுமா என்று கேட்டார். மத்திய அரசுப் படிவம்தான், ஓ.பி.சி. என்றால் இந்த வருடத் தேதியில் புதிதாக வேண்டும், நாளைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள் என்றேன்.