அரிசியைக் குறைத்தால் தோட்டத்தில் என்ன போடுவது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை. சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. நான்கு பேருக்கு எதை, எவ்வளவு போடலாம்? (வாசகி, காட்பாடி)

பதில்: எதைப் போட வேண்டாம் என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேனை, சேம்பு, வாழை வேண்டாம். 100 கிராம் மரவள்ளியில் மாவுச்சத்து 35 கிராமுக்கு மேல், சர்க்கரைவள்ளியில் சுமார் 20. புடலை, பீர்க்கன், சுரையில் அது 3, 4 கிராம்தான். கீரைகளும் ஏறக்குறைய அப்படியே. வெண்டையிலும் கத்தரியிலும் சற்றுக் கூடுதல் என்றாலும், அதில் கிட்டத்தட்ட பாதி நார்ச்சத்து.

தட்டில் சோறு பாதியானால் பொரியல் தொட்டுக்கொள்ளும் அளவில் நிற்காது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 150 முதல் 200 கிராம் காய் வேண்டும். இல்லாவிட்டால் பசி தாங்காமல் நான்காம் நாளே பழைய அளவுச் சோற்றுக்குப் போய்விடுவார். அதனால் காய் ஒரே சமயத்தில் குவிவதைவிட வாரம் தவறாமல் கிடைப்பதற்குத்தான் திட்டம் போட வேண்டும்.

அரை சென்ட் என்றால் சுமார் 218 சதுர அடி. அதில் 3 அடிக்கு 4 அடியில் நான்கு கீரைப் பாத்திகள் கட்டுங்கள். வாரம் ஒரு பாத்தியில் மட்டும் முளைக்கீரை விதையுங்கள். ஒரு பாத்திக்கு ஒரு கிராம் விதை போதும். விதை மிகப் பொடியானது, பத்து மடங்கு மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். பூவாளியில் மட்டுமே தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டால் விதை ஓரத்துக்கு அடித்துப் போய் அங்கே கொத்தாக முளைக்கும். எறும்பு விதையை இழுக்காமல் இருக்க, பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி மாவைத் தூவிவிடுங்கள். 25ஆம் நாள் வேரோடு பிடுங்கி, தொழு உரம் இட்டுக் கொத்திவிட்டு, 28ஆம் நாள் அதே பாத்தியில் மறுபடி விதைக்கலாம். நன்றாக வந்தால் பாத்திக்கு ஒரு கிலோ தேறும். பலரும் நான்கையும் ஒரே நாளில் விதைத்துவிடுகிறார்கள். ஒரே வாரத்தில் நான்கு கிலோ வந்து வீணாகும், பிறகு மூன்று வாரம் கீரையே இருக்காது.

மேற்கு ஓரத்தில் 8 அடிக்கு 8 அடி பந்தல் போடுங்கள். நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலில் பிற்பகல் நிழல் கீரைக்கு அவசியம். அந்தப் பந்தலில் புடலை, பீர்க்கன், பாகல் என மூன்று கொடிகள் போதும். ஆசைப்பட்டு ஆறு கொடி ஏற்றினால் ஒன்றையொன்று மூடி, இலைதான் மிஞ்சும்.

மீதி இடத்தில் இரண்டடி இடைவெளியில் ஆறு கத்தரி, ஒன்றரை அடி வரிசையில் இருபது வெண்டை, ஒரு வரிசை கொத்தவரை. கத்தரிக்கு நாற்றைத் தேடி அலைய வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரி நம் வேலூர் மாவட்டத்துச் சரக்கே. செடியின் நுனி மட்டும் வாடித் தொங்கினால் அது தண்ணீர்ப் பஞ்சம் அல்ல, உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டிப் பாருங்கள், தண்டு குழாய்போல் குடைந்திருக்கும். வெட்டியதை எரித்துவிடுங்கள். குப்பைக் குழியில் போட்டால் அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும்.

கேள்வி: மாடியில் பையில் வைத்த புடலையும் பாகலும் நிறையப் பூக்கின்றன. பிஞ்சு சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. (வாசகர், குடியாத்தம்)

பதில்: முதல் பத்துப் பதினைந்து நாள் வருவது பெரும்பாலும் ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். பிஞ்சோடு வரும் பெண் பூ மஞ்சளானால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். மாடிக்குத் தேனீயும் அந்துப்பூச்சியும் அவ்வளவாக வருவதில்லை, நீங்களே சேர்த்துவிட வேண்டும். நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பாகல் விடியலில் மலரும், காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். புடலை, பீர்க்கன், சுரை மூன்றும் பொழுது சாய்ந்தபின் மலர்பவை. காலையில் போய்த் தடவினால் பயன் இல்லை. ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுமுடியில் மெதுவாகத் தொட்டுவிடுங்கள்.

பிஞ்சு வளைந்து, அழுகி, உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. ஈயைக் கவர்ந்து பிடிக்க மாமரத்துக்கு விற்கும் மெத்தில் யூஜினால் பொறி இதற்கு உதவாது. கொடிக் காய்க்குக் ‘கியூ லூர்’ பொறி என்று கேட்டு வாங்குங்கள். பிஞ்சுக்குக் காகித உறை மாட்டினாலும் போதும்.

கேள்வி: போர் தண்ணீர் உப்பு. இலை ஓரம் கருகுகிறது, பை மண்ணில் வெள்ளையாகப் படிகிறது. ஆர்.ஓ. கழிவு நீரை ஊற்றலாமா? (வாசகி, ராணிப்பேட்டை)

பதில்: கூடவே கூடாது. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு அதில் இன்னும் திரண்டு வருகிறது. தினமும் ஒரு குவளை தெளிப்பதும் தவறு. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் பையின் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். மழை நாளில் பைகளைத் திறந்த வெளியில் வைத்து நன்றாக அலசவிடுங்கள். தேங்காய் நார்த்தூளிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே மண்ணும் தொழு உரமும் சம பங்கு சேருங்கள். இந்தத் தண்ணீரில் பாலக்கும் கொத்தவரையும் ஓரளவு தாங்கும். முள்ளங்கி, பீன்ஸ் திணறும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் தண்ணீர்ப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிட்டு அடுத்த பட்டத்துக்கு விதை வாங்குங்கள்.

கேள்வி: தினமும் பாகற்காய் ஜூஸ் குடித்தால் மாத்திரையைக் குறைக்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: நீங்களாகக் குறைக்காதீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சோற்றையும் குறைத்துப் பாகல் சாற்றையும் குடித்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லி, அளவை மாற்றிக்கொண்ட பிறகே உணவை மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரையைக் கூட்டும் முன்பும் கேட்டாக வேண்டும், கீரையில் பொட்டாசியம் அதிகம். பாகலைப் பொரியலாகச் சாப்பிடுவதே நல்லது.

கேள்வி: சோற்றுக்குப் பதில் காலிஃபிளவரைத் துருவிச் சாப்பிடுகிறோம். வீட்டில் வளர்க்க முடியுமா? (வாசகி, ஆற்காடு)

பதில்: சமவெளிக்கென்று உள்ள வெப்பம் தாங்கும் ரகத்தைப் புரட்டாசியில் நாற்றுவிட்டால் மார்கழி, தையில் பூ கிடைக்கும். மலை ரகத்தை வாங்கினால் இலையோடு நின்றுவிடும். ஒரு செடிக்கு ஒரே பூ, அதற்கு ஒரு பை இரண்டரை மாதம் மாட்டிக்கொள்கிறது. அதே பையில் அந்த நாளில் மூன்று முறை கீரை எடுக்கலாம். காலிஃபிளவரைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவரையும் காராமணியும் லோ கார்ப்பில் (மாவுச்சத்து குறைந்த உணவில்) சேருமா? (வாசகர், ஆரணி)

பதில்: பறிக்கும் பருவத்தைப் பொறுத்தது. விதை தடிக்காத பிஞ்சாக, ஒடித்தால் ‘சடக்’ என்று ஒடியும்போது பறித்தால் சேரும். தோலுக்கு மேல் விதை புடைத்துத் தெரிந்தால் உள்ளே மாவு கட்டிவிட்டது. அதை விதைக்கு விட்டுவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தால் கொடியும் தொடர்ந்து காய்க்கும்.