வந்து பார்த்ததற்கும் காசா?

கேள்வி: ஃபேன் மெதுவாகச் சுற்றியது. எலக்ட்ரீஷியன் பத்தே நிமிடத்தில் கண்டென்சரை மாற்றிவிட்டு 350 ரூபாய் வாங்கினார். இது நியாயமா?
– வாசகி, மதுரை

பதில்: கண்டென்சர் நூறு ரூபாய்க்குள்தான் அம்மா. மிச்சம் விசிட்டிங் சார்ஜும் கூலியும். நானும் இதே தொழில்தான். பத்து நிமிட வேலைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகிவிடும். பெட்ரோல் வேறு. கோளாறை உடனே கண்டுபிடித்ததும் அனுபவத்தால்தான். எனவே நியாயம் என்றே சொல்வேன்.

ஆனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: "வேலை செய்தால் விசிட்டிங் சார்ஜைக் கூலியில் கழிப்பீர்களா?" கழற்றிய பழைய பொருளையும் கடை பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், மீட்டருக்கு முன்னால், வாரியத்தின் லைனில் கோளாறென்றால் எங்களைக் கூப்பிடவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் சொல்லுங்கள்.